அஞ்சு வயசு ஸ்காட்ச்சும் காரைக்கால்மேட்டுக் கணக்கும்

டிஸ்கி: யாரையும் குடிக்கச் சொல்லி எழுதப்பட்ட கட்டுரை இல்லை இது. ஒரு பொருளுக்கு எப்படி விலை போடுவது என்பதுதான் இங்கே பேச்சு. குடியில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காரைக்கால்மேட்டில் விடியற்காலையில் கரைக்கு வரும் சங்கரா மீனுக்கு ஒரு விலை. அதே சங்கரா பதினோரு மணிக்கு இன்னொரு விலை. மத்தியானம் தாண்டினால் ஐஸ் போட்ட செலவும் சேர்ந்து கையைக் கடிக்கும். சாயங்காலம் வரை போகவில்லை என்றால் உப்பைத் தடவிக் காயப்போட வேண்டியதுதான். மீனுக்கு வயது ஏற ஏற விலை இறங்கும். இதை அந்த ஊரில் யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கூடை தூக்கும் அம்மாவுக்கும், செவுளைத் தூக்கிப் பார்த்தே பேரம் பேசும் வியாபாரிக்கும் அது கைப்பழக்கம்.

இதற்கு நேர் எதிரான ஒரு பொருள் உண்டு. வயது ஏற ஏற விலையும் ஏறும். 12 வருடம் ஒரு விலை, 18 வருடம் அதைவிட அதிகம், 25 வருடம் என்றால் கேட்கவே பயம். அதுதான் ஸ்காட்ச், குறிப்பாக சிங்கிள் மால்ட்.

அப்படியானால் மூன்று வயது, ஐந்து வயது சிங்கிள் மால்ட்டை என்ன செய்வது? வயது குறைவு என்பதால் விலையும் குறைய வேண்டும் இல்லையா? ஆனால் கடையில் போய்ப் பார்த்தால் ஐந்து வயதுப் பாட்டில் பன்னிரண்டு வயதுப் பாட்டிலின் பக்கத்திலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. விலையிலும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. இது ஏமாற்றா, நியாயமா? மீன் விற்கிற ஊரில் வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, செம்புக் கொப்பரையில் காய்ச்சி வடித்த விஸ்கி. "சிங்கிள்" என்றால் ஒரே ஆலை. ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. பல பீப்பாய்களைக் கலக்கலாம், ஆனால் எல்லாம் அந்த ஆலையிலேயே வடித்ததாக இருக்க வேண்டும்.

ஸ்காட்ச் என்று பெயர் வைக்க அந்த நாட்டுச் சட்டம் கறாராக விதி வைத்திருக்கிறது. 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது மூன்று வருடம் உறங்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. தண்ணீரும், நிறத்துக்காகச் சாதாரண கேரமலும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. 2009-ல் வந்த ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகளில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது.

லேபிளில் இருக்கும் வயதைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது பாட்டிலுக்குள் இருப்பதில் ஆகக் கடைசித் தம்பியின் வயது. 20 வருட விஸ்கியில் ஒரு கரண்டி 5 வருட விஸ்கி கலந்தால் லேபிளில் "5" என்றுதான் போட முடியும். அதனால்தான் பல கம்பெனிகள் வயதையே போடாமல் அழகான பெயராக வைத்து விற்க ஆரம்பித்தன. ஜப்பானில் தேவை எகிறி, பழைய சரக்கு தீர்ந்துபோய், 2015-ல் நிக்கா கம்பெனி யோய்ச்சி, மியாகிக்யோ விஸ்கிகளில் வயது போட்ட பாட்டில்களையே நிறுத்தியது. 2018-ல் சன்டோரியும் ஹகுஷு 12, ஹிபிகி 17 இரண்டின் விற்பனையை நிறுத்தி வைத்தது. கேட்கிறார்கள் என்பதற்காகப் பன்னிரண்டு வருடப் பொருளை நாளைக்கே செய்து கொடுத்துவிட முடியாது. பன்னிரண்டு வருடம் முன்பே ஒருவன் யோசித்திருக்க வேண்டும்.

தேவதைப் பங்கு

இப்போது பி.காம் மூளையைக் கொஞ்சம் தட்டுவோம். (காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்கியவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம் :-))

பீப்பாயில் இருக்கும் விஸ்கி சும்மா இருப்பதில்லை. மரத்தின் வழியாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். காரைக்கால்மேட்டுக்காரர்களுக்குப் பங்கு என்றால் விளக்கவே வேண்டாம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. கடலுக்கே வராமல் ஒரு தேவதையும் வந்து பங்கு கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இன்னொரு பங்கு வட்டிக்குப் போகிறது. இன்றைக்குப் போட்ட காசு ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்பி வரும். வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிட்டங்கி வாடகை, ஆள் கூலி எல்லாவற்றையும் விட்டுவிடுவோம். இன்று 100 ரூபாய் அடக்கமுள்ள சரக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

3 வருடத்தில், மிச்சமுள்ள அளவுக்கு அடக்கம் சுமார் 134 ரூபாய்.
5 வருடத்தில் சுமார் 163 ரூபாய்.
12 வருடத்தில் சுமார் 321 ரூபாய்.

அதாவது பன்னிரண்டு வயதுக்காரனின் அடக்கம் ஐந்து வயதுக்காரனைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஐந்து வயதுப் பாட்டில் நல்ல மலிவாகக் கிடைக்க வேண்டும். ஆனால் பாட்டில் விலையில் சரக்கின் அடக்கம் சின்னத் துண்டுதான். கண்ணாடி, கார்க், அட்டைப்பெட்டி, கப்பல் வாடகை, விளம்பரம், கடைக்காரர் லாபம், எல்லாவற்றுக்கும் மேலே வரி. இவற்றில் பெரும்பாலானவை விஸ்கியின் வயதைக் கேட்பதில்லை. அடக்கத்தில் இருக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் கடை விலைக்கு வருவதற்குள் கரைந்துபோகும் காரணம் இதுதான்.

இளம் மால்ட் சந்தைக்கு வருவதற்குப் பின்னால் ஒரு எளிய உண்மையும் உண்டு. புதிதாக ஆலை தொடங்கியவனுக்குக் காசு வேண்டும். ஐலா தீவில் கில்ஹோமன் என்ற சின்ன ஆலை 2005-ல் வடிக்கத் தொடங்கி, 2009 செப்டம்பரில் மூன்று வயது விஸ்கியை வெளியே விட்டது. சம்பளம் கொடுக்க வேண்டுமே, பன்னிரண்டு வருடம் யார் காத்திருப்பார்கள்? அது ருசியாகவும் இருந்தது என்பதால்தான் அந்த ஆலை நிலைத்தது.

மே மாதத்து ஒரு சாயங்காலம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவதும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும்தான் வேலை. கையில் காசு குறைவு, நேரம் அதிகம். எந்த மீனவ ஊரைக் கேட்டாலும் சொல்வார்கள், குடிக்கு இதைவிட மோசமான மாதங்கள் கிடையாது.

அப்படி ஒரு மே மாதத்தில்தான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தார். ஊரில் அவர் பெயரே "கப்பல்காரர்". வரும்போது விமான நிலையத்து வரியில்லாக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தார். ஆர்ட்பெக் கம்பெனியின் வீ பீஸ்டி. 2020-ல் வந்த பாட்டில், லேபிளிலேயே பெரிதாக "5" என்று வயது போட்டிருக்கும். ஆல்கஹால் 47.4 சதவீதம். பெயருக்கு அர்த்தம் ஏறக்குறைய "குட்டி மிருகம்".

வீட்டுத் திண்ணையில் நாலு பேர். கப்பல்காரர், படகு வைத்திருக்கும் அவருடைய மச்சான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா, அப்புறம் மச்சான் படகின் டிரைவர். டிரைவர் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. பேச்சுத் துணைக்குத்தான் வந்திருந்தார். நிலைவாசலில் முறத்தோடு கப்பல்காரரின் அக்கா. நெத்திலிக் கருவாட்டில் மண் புடைத்துக்கொண்டிருந்தார்.

மோந்து பார்ப்பதற்கென்று தனிக் கிளாஸ் எல்லாம் அங்கே ஏது? டீக்கடைக் கண்ணாடி கிளாஸ்தான். கொஞ்சம் ஊற்றி மூக்குக்கிட்ட கொண்டுபோனதுமே மச்சான் முகத்தைச் சுளித்தார்.

"என்னடா மாப்ள இது, ஆஸ்பத்திரிக்குள்ள போன மாதிரி இருக்கு!"

கிளாஸ் டிரைவரைத் தாண்டித்தான் சொல்தா தாத்தாவுக்குப் போக வேண்டும். டிரைவர் அதைக் கை நீட்டித் தள்ளியே பிடித்து அந்தப் பக்கம் கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்.

"ஆஸ்பத்திரி இல்லண்ணே. மரப்படகுக்குத் தார் பூசிக் காயப்போட்ட மறுநாள் அடிக்கும் பாருங்க, அது. கூடவே மாசி."

அங்கிருந்த எல்லோருடைய வர்ணனையிலும் இதுதான் துல்லியம். ஐலா தீவில் மரம் குறைவு. முளைகட்டிய பார்லியைக் காயவைக்க, சதுப்பு நிலத்தில் வெட்டி எடுத்த பீட் என்ற கரிமண்ணை எரிப்பார்கள். அந்தப் புகையில் இருக்கும் பீனால் வகைப் பொருட்கள் தானியத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ச்சி வடித்த பிறகும் போவதில்லை. குவாயகால், கிரெசால் என்பவை அந்தக் குடும்பத்துப் பெயர்கள். தாரிலும் இந்தக் குடும்பம் உண்டு, பழைய ஆஸ்பத்திரிக் கிருமிநாசினியிலும் உண்டு, புகை போட்ட மாசியிலும் உண்டு. ஆக மச்சானும் தப்பாகச் சொல்லவில்லை, டிரைவரும் தப்பாகச் சொல்லவில்லை.

சொல்தா தாத்தா குடிக்கவில்லை, முதலில் தண்ணீர் கேட்டார். "நாலு சொட்டு விடுப்பா. இந்த வேக்காட்டுல சும்மா மோந்தா ஸ்பிரிட்டுதான் முன்னாடி வந்து நிக்கும்."

அவருக்கு அனுபவம், அதற்கு அறிவியலும் துணை இருக்கிறது. 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினி மாதிரியில் இதை ஆராய்ந்தார்கள். குவாயகால் ஆல்கஹாலோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹால் அதிகமாக இருந்தால் அது உள்ளே முங்கிக் கிடக்கும். தண்ணீர் சேர்த்து ஆல்கஹாலைக் குறைத்தால் மேல்பரப்புக்கு வந்துவிடும். மூக்குக்கு அகப்படுவது மேல்பரப்பில் இருப்பதுதானே.

தண்ணீர் விட்டதும் வாசனை மாறியது. தார் கொஞ்சம் பின்னால் போனது. பழுத்த பேரிக்காய், கொஞ்சம் வெனிலா, நாக்கில் மிளகுக் காரம், தொண்டையில் இறங்கியபின் உப்புக் கரித்தாற்போல ஒன்று, அப்புறம் நீண்ட நேரம் புகை. இளம் விஸ்கியின் குறை என்று சொல்வதும் அதில் இருந்தது. நடுவில் ஒரு வெறுமை. வந்ததும் அடிக்கிறது, போகும்போது புகைகிறது, நடுவில் பேச ஒன்றுமில்லை.

தாத்தா தீர்ப்பு சொன்னார். "பட்டாளத்துல எங்களுக்குக் கோன்யாக்தான். ரெண்டு வருஷம் பீப்பால கெடந்தா போதும், வித்துடுவான். பழைய சரக்கெல்லாம் ஆபிசருங்களுக்கு. இதுவும் அப்படித்தான். சின்னப் புள்ள, சத்தம் போடுது. ஆனா பொய் சொல்லல."

அப்போதுதான் அக்கா முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எவ்வளவுடா குடுத்த?"

"நாலாயிரத்துக்குக் கிட்டக்கா."

"அதுல எத்தனை கிளாஸ் வரும்?"

எழுநூறு மில்லி, முப்பது முப்பதாக ஊற்றினால் இருபத்துமூன்று. ஒன்று நூற்று எழுபது ரூபாய்க்கு மேல். அக்கா மனக்கணக்கிலேயே போட்டுவிட்டார்.

"சரி. நூத்தி எழுவதுல வாசனைக்கு எவ்வளவு, போதைக்கு எவ்வளவு?"

யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டிரைவர்தான் சொன்னார்.

"போதைக்குன்னா நாலுல ஒரு பங்கு விலைக்கு இங்க கடையிலயே கெடைக்கும்க்கா. நான் குடிச்சதுக்கெல்லாம் வயசே கெடையாது. மோந்தும் பாத்ததில்ல. மூக்கைப் புடிச்சிக்கிட்டுல்ல குடிப்போம்."

சொல்லிவிட்டு அவர் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார். கப்பல்காரர் பாட்டிலை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தார். இரண்டாவது ரவுண்டு ஊற்றவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. விடுமுறை முடிந்து போகும்போது மிச்சத்தைத் திண்ணையில் வைத்து யாருக்கும் கொடுக்கவும் இல்லை. டிரைவர் வந்து போகிற வீடு அது.

அக்காவின் கேள்வி

இருக்கிற விஸ்கி விமர்சனம் எல்லாவற்றையும்விட அக்காவின் கேள்வி மேல். வாசனைக்கு எவ்வளவு, போதைக்கு எவ்வளவு?

போதையை அளக்கலாம். 47.4 சதவீதத்தில் 700 மில்லி என்றால் சுத்த ஆல்கஹால் சுமார் 332 மில்லி. 40 சதவீதத்தில் வரும் 12 வயதுப் பாட்டிலில் 280 மில்லி. நம் ஊரில் 42.8 சதவீதத்தில் வரும் 750 மில்லி பாட்டிலில் 321 மில்லி. போதைக்கு மட்டும் விலை போட்டால் உள்ளூர்ப் பாட்டிலை யாராலும் அடிக்க முடியாது. நாட்டில் விற்கும் மலிவு விஸ்கியின் அடிப்படை பெரும்பாலும் கரும்பாலைக் கழிவான மொலாசஸில் வடித்த ஸ்பிரிட். அதற்குப் பீப்பாயும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம், தேவதையும் வேண்டாம். (ஐரோப்பிய ஒன்றியம் அதை விஸ்கி என்று ஒப்புக்கொள்வதே இல்லை.)

ஆகவே சிங்கிள் மால்ட்டுக்குக் கொடுக்கும் அதிக விலை முழுவதும் வாசனைக்கு, நேரத்துக்கு, வரிக்கு, பெயருக்கு. இதில் வாசனையை அனுபவிக்காதவன் மற்ற மூன்றுக்கு மட்டும் காசு கொடுக்கிறான். கோலா ஊற்றி ஐஸ் நிரப்பி அடிப்பவருக்கு ஐந்து வயதும் ஐம்பது வயதும் ஒன்றுதான்.

வரி என்ற நான்காவது பங்காளி

இந்தியா நெடுங்காலம் வெளிநாட்டு விஸ்கிக்கு 150 சதவீதம் சுங்க வரி போட்டது. 1,000 ரூபாய்க்கு வந்திறங்கும் சரக்கு வரியோடு 2,500 ஆகும். அதற்குமேல் மாநிலக் கலால் வரி. மது ஜி.எஸ்.டி.க்குள் வராது என்பதால் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு விலை வைக்கிறது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்திய, பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், அமலுக்கு வந்ததும் சுங்க வரியை 75 சதவீதமாகவும், பத்தாவது வருடத்துக்குள் 40 சதவீதமாகவும் குறைக்க வழி செய்கிறது. அந்த 2,500 முதலில் 1,750, பிறகு 1,400.

இவ்வளவு வரி இருந்தும் 2022-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்ச் 21.9 கோடி பாட்டில். அந்த வருடம் எண்ணிக்கையில் பிரான்சையே தாண்டி முதலிடம். "ஸ்காட்" என்ற சொல்லுக்கே நம் நாட்டில் அவ்வளவு மவுசு. பெங்களூரில் 1968 முதல் தயாரான பீட்டர் ஸ்காட் விஸ்கியின் பெயரை எதிர்த்து ஸ்காட்ச் விஸ்கி சங்கம் நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008-ல் இந்தியக் கம்பெனிக்குச் சாதகமாக முடிந்தது. இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது வருகிறீர்களே என்பது தீர்ப்பின் முக்கியமான காரணம்.

மாநில வரியின் வித்தியாசம் காரைக்காலுக்கு நன்றாகத் தெரியும். 1954 வரை பிரெஞ்சுக் கையில் இருந்து, புதுச்சேரியோடு சேர்ந்து, நாலு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கும் ஊர். புதுச்சேரிக் கலால் வரி குறைவு என்பதால் நாகப்பட்டினம் பக்கமிருந்தும் தரங்கம்பாடி பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். எல்லையில் சோதனைச் சாவடி. 2020-ல் கொரோனாவுக்காகச் சிறப்பு வரி போட்டுப் புதுச்சேரி விலையைத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக்கினார்கள். கூட்டம் குறைந்தது. 2021 ஏப்ரலில் அந்த வரியை எடுத்தார்கள். கூட்டம் திரும்பி வந்தது. விலைக்கும் தேவைக்கும் உள்ள உறவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்தக் கூட்டத்தில் "பேரிக்காய் வாசனை" தேடி வந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இளசு என்றால் மட்டமா? பெங்களூரைக் கேளுங்கள்

இளம் மால்ட்டுக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. பெங்களூரில் 1948-ல் ராதாகிருஷ்ண ஜக்தாளே தொடங்கிய அம்ருத் டிஸ்டிலரீஸ். அவருடைய மகன் நீலகண்ட ராவ் ஜக்தாளே காலத்தில், பேரன் ரக்ஷித் ஜக்தாளே இங்கிலாந்தில் நியூகாசிலில் படித்துக்கொண்டிருந்தபோது, இந்திய சிங்கிள் மால்ட் பிரிட்டனில் விலைபோகுமா என்பதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார். (பிராஜெக்டை இணையத்தில் சுட்டு ஒப்பேற்றும் மக்கள் கவனிக்க!) 2004 ஆகஸ்ட் 24-ல் அம்ருத் சிங்கிள் மால்ட் வெளியான இடம் எது தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்றால் இதுதான்.

2010-ம் ஆண்டுக்கான விஸ்கி பைபிளில் ஜிம் மரே அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 மதிப்பெண் கொடுத்து, உலகில் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அந்த பாட்டிலில் வயதே போடவில்லை. போட்டிருந்தாலும் சின்ன எண்ணாகத்தான் இருந்திருக்கும்.

இது எப்படி? பெங்களூர் வெயிலில் பீப்பாய் வேகமாக வேலை செய்கிறது. மரத்தின் சாறு சீக்கிரம் இறங்குகிறது. அதே வெயிலில் தேவதையும் வேகமாகக் குடிக்கிறது, வருடத்துக்கு 10 முதல் 12 சதவீதம்! மேலே போட்ட கணக்கை 10 சதவீதத்துக்கு மாற்றிப் பாருங்கள். 100 ரூபாய்ச் சரக்கு 5 வருடத்தில் சுமார் 249 ரூபாய். 12 வருடம் வைத்தால் சுமார் 892 ரூபாய், பீப்பாயில் மிச்சம் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். 2013-ல் எட்டு வருடம் வைத்து ஒரு விஸ்கியை வெளியிட்டபோது அம்ருத் அதற்கு வைத்த பெயர் "பேராசைக்காரத் தேவதைகள்". பெயர் வைத்தவருக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் தெரிந்திருக்கிறது :-)

அப்படியானால் லேபிளில் இருக்கும் வயது ஊருக்கு ஊர் செல்லாத நாணயம். ஸ்காட்லாந்து ஐந்தும் பெங்களூர் ஐந்தும் ஒன்றல்ல. மார்கழியில் காய்ந்த கருவாட்டையும் சித்திரையில் காய்ந்த கருவாட்டையும் நாளை மட்டும் எண்ணி ஒப்பிட முடியுமா?

சரி, தீர்ப்பு என்ன?

பீட் புகை போட்ட விஸ்கிக்கு ஒரு குணம் உண்டு. வருடம் போகப் போகப் புகை மங்கும். பத்து, பதினைந்து வருடத்தில் அது மெருகாகலாம், ஆனால் அந்தத் தார் அடி, மாசி அடி குறைந்துவிடும். புகைக்காகவே வாங்குபவருக்கு ஐந்து வயது என்பது குறையே அல்ல. அது கரையேறிய மீன். சூடு ஆறுவதற்குள் வாங்குவதுதான் சரி. குட்டி மிருகத்தின் விலை இந்தக் கணக்கில் நியாயம்தான். ஆல்கஹாலும் தாராளம், தண்ணீர் கலந்தாலும் தாங்கும், வயதை மறைக்காமல் லேபிளில் போட்டிருக்கிறார்கள்.

புகையில்லாத, மென்மையான வகையில் மூன்று, ஐந்து வயதுக்கு அதே விலை கேட்டால் யோசிக்க வேண்டும். அங்கே மறைத்துக்கொள்ளப் புகை கிடையாது. பீப்பாய் வேலை முடியாத பச்சைத்தன்மை அப்படியே வெளியே நிற்கும். வெப்ப நாட்டு மால்ட் என்றால் வயதைப் பார்க்கவே வேண்டாம், ருசியைப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை நாலு கேள்வி. ஆல்கஹால் எத்தனை சதவீதம்? வயது போட்டிருக்கிறதா, இல்லையென்றால் ஏன்? கேரமல் நிறமா, இயற்கை நிறமா? விலையில் வரி எவ்வளவு? இந்த நாலுக்கும் லேபிளும் கொஞ்சம் மனக்கணக்கும் போதும்.

ஐந்தாவது அக்காவின் கேள்வி. அதற்கு லேபிளில் பதில் கிடையாது. ஒரு பாட்டிலின் விலையில் அதை வாங்கியவர் கொடுத்தது மட்டும் சேர்வதில்லை. 61 நாள் வருமானமில்லாத வீட்டில் அதே காசுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் உண்டு, வலை வாங்கிய கடன் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு வருடமாகக் காப்பாற்றி வைத்த ஒன்று உண்டு. கல்லூரியில் ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட் என்று இரண்டு மார்க் கேள்வியாக வருவது இதுதான். விடைத்தாளில் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள்.

வாசனைக்காக நூற்று எழுபது கொடுக்க முடிகிறவருக்கு, அதுவும் ஒரு கிளாஸோடு மூடி வைக்கத் தெரிந்தவருக்கு, ஐந்து வயது மால்ட் நல்ல பொருள். போதைக்காக வாங்குபவருக்கு அது உலகத்திலேயே மோசமான பேரம். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், தள்ளிப் பிடித்தே தாரையும் மாசியையும் கண்டுபிடித்தவர். அந்தத் திண்ணையில் அந்தப் பாட்டிலுக்குச் சரியான விலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.